இரண்டு நவம்பர் ஒன்றுகளும் ஓர் அவியலும்

நவம்பர் முதல் தேதி காலை ஏழு மணிக்கெல்லாம் எங்கள் வீட்டுத் தொலைபேசி அடித்துவிடும். எடுக்காமலே தெரியும், திருவனந்தபுரத்திலிருந்து என் சிநேகிதர்தான்.

"சாரே, இண்ணைக்கு வீட்டில அவியல் உண்டா?"

"உண்டு அண்ணே, மாங்காய் போட்டது."

"அப்பம் நம்ம கணக்கு சரி."

ஐம்பது வருடமாக இதே கேள்வி, இதே பதில். மற்ற நாட்களில் எங்கள் பேச்சு ரத்த அழுத்த மாத்திரையிலும் பேரப்பிள்ளைகளின் பரீட்சையிலுமே முடிந்துவிடும். நவம்பர் ஒன்று மட்டும் அப்படியல்ல. அந்தத் தேதி அவருக்கும் ஒரு பிறந்தநாள் மாதிரி, எனக்கும் ஒரு பிறந்தநாள் மாதிரி. ஆனால் வருடம் வேறு, ஊர் வேறு.

எனக்குரியது 1954. புதுச்சேரி. எனக்கு அப்போது ஐந்து வயது. அப்பாவின் தோளில் உட்கார்ந்து கடற்கரைச் சாலைக் கூட்டத்தைப் பார்த்தது நினைவிருக்கிறது. நீலம், வெள்ளை, சிவப்பு என்று ஒரு மூவர்ணக் கொடி பறந்த இடத்தில் இன்னொரு மூவர்ணக் கொடி பறந்தது. யாரோ கையில் கல்கண்டு வைத்தார்கள். அதற்குப் பதினான்கு நாள் முன்பு, அக்டோபர் 18 அன்று, கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்திருந்தார்கள். இந்தியாவோடு சேர 170 பேர், வேண்டாம் என்று 8 பேர். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. சட்டப்படியான கைமாற்றம் அவ்வளவு சீக்கிரம் நடக்கவில்லை. 1956 மே 28-இல் ஒப்பந்தம் கையெழுத்தாகி, பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் ஒப்புதல் கிடைத்து, 1962 ஆகஸ்ட் 16-இல்தான் அது முழுமையானது. மக்கள் பிரதிநிதிகள் வேறு முடிவு எடுக்கும்வரை பிரெஞ்சே ஆட்சிமொழியாக இருக்கும் என்று அந்த ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது. அதனால் கொடி மாறிய பிறகு பள்ளியில் சேர்ந்த நான், பிரெஞ்சு வழியிலேயே படித்து வளர்ந்தேன். கோலியர்கள் எங்கள் முன்னோர் என்று ஒரு பாடம் இருந்தது. முத்தியால்பேட்டைப் பிள்ளைகளும் வில்லியனூர்ப் பிள்ளைகளும் அதை உரக்கப் படித்தோம். யாரும் சிரித்ததாக நினைவில்லை.

அவருக்குரியது 1956. விளவங்கோடு. திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலிருந்த அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் அன்று சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. செங்கோட்டைத் தாலுகாவின் ஒரு பகுதி திருநெல்வேலியோடு போயிற்று. கேட்டவற்றுள் தேவிகுளமும் பீர்மேடும் நெய்யாற்றின்கரையும் கிடைக்கவில்லை. இதற்காக நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் பல வருடம் போராடியது. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. அப்போது முதலமைச்சர் பட்டம் தாணுப்பிள்ளை, பிரஜா சோஷலிஸ்ட் கட்சிக்காரர். சொந்தக் கட்சியின் அரசு மக்களைச் சுட்டதற்காகப் பதவி விலக வேண்டும் என்று அதே கட்சியின் பொதுச் செயலாளர் ராம் மனோகர் லோகியா கேட்டார். தன் கட்சி அரசைப் பார்த்து அப்படிக் கேட்ட தலைவர்களைப் பிற்பாடு நான் அதிகம் பார்க்கவில்லை.

அந்த ஆகஸ்டில் என் சிநேகிதரின் அப்பாவும் ஊர்வலத்தில் போனவர். குண்டடி படவில்லை, தடியடி பட்டது. சாகும்வரை இடது முழங்கையை முழுக்க நீட்ட முடியாது. தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று அடி வாங்கிய அந்த மனிதரின் மகன் படித்தது மலையாளப் பள்ளிக்கூடத்தில். பக்கத்தில் நடந்து போகிற தூரத்தில் இருந்தது அதுதான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

நான் ஏன் புதுச்சேரியில் பிறந்தேன்

எங்கள் பூர்வீகம் கோட்டாறு. எங்கள் ஆட்களிடம் அன்று மருமக்கள்வழி நடப்பு. காரணவர் கண்ணை மூடினால் சொத்து தங்கை பிள்ளைகளுக்கு. பெற்ற மகனுக்கும் கட்டிய மனைவிக்கும் 'உகந்துடைமை' என்று ஒரு சிறு பங்கு. இந்த முறையைக் கிண்டலும் கண்ணீருமாகத் தேரூர் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 'மருமக்கள்வழி மான்மியம்' எழுதினார். ஊரே சிரித்தது, சிரித்தபடியே வெட்கப்பட்டது. கொல்லம் 1101-இல், அதாவது 1926-இல், நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் சட்டம் வந்து மக்கள்வழிக்குப் பாதை திறந்தது. கொல்லம் ஆண்டோடு 825 கூட்டினால் ஆங்கில ஆண்டு. ஆவணி முதல் டிசம்பர் முடிய உள்ள தேதியானால் 824 கூட்ட வேண்டும். பழைய ஆதாரங்களைப் புரட்டுகிறவர்கள் இதை மறந்தால் ஒரு வருடம் தப்பிவிடும்.

எங்கள் குடும்பம் அந்த ஒரு வருடத்தில் அல்ல, இரண்டு வருடத்தில் தப்பியது. பாட்டா 1924-இல் போய்ச் சேர்ந்தார். வயலும் வீடும் மருமக்களுக்குப் போயின. ஆச்சிக்கு உகந்துடைமையாக இரண்டு அறையும் ஒரு திண்ணையும் உள்ள சின்ன வீடு. என் அப்பா பதினாறு வயதில் புதுச்சேரியில் ஒரு ஜவுளி வியாபாரியிடம் கணக்கெழுதப் போனார். காரைக்காலில் பெண் எடுத்தார். அப்பா 1967-இல் காலமானார். மறு வருடம் அம்மாவும் நானும் ஒரு டிரங்குப் பெட்டியோடு திருநெல்வேலி வரை ரயிலிலும் பிறகு பஸ்ஸிலுமாகக் கோட்டாறு வந்து சேர்ந்தோம். நாகர்கோவிலுக்கு அன்று ரயில் கிடையாது. திருவனந்தபுரத்திலிருந்து தண்டவாளம் வந்தது 1979-இல்தான். ஆரல்வாய்மொழிக் கணவாயில் பஸ் நுழைந்ததும் அடித்த காற்றில் அம்மா முக்காட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பக்கம் பொட்டல், இந்தப் பக்கம் வயல். பேச்சிப்பாறை அணை 1897-இல் தொடங்கி 1906-இல் கட்டி முடிந்தது, அந்தத் தண்ணீர்தான் இந்தப் பச்சை என்றெல்லாம் பிற்பாடுதான் தெரிந்தது. திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் இது. இந்த நான்கு தாலுகாக்களை விட்டுக்கொடுக்க அந்தப் பக்கம் அவ்வளவு தயங்கியதற்கு மொழி மட்டுமா காரணம், நெல்லும்தான்.

அடுப்படியில் எல்லை இல்லை

முதல் வாரமே அம்மாவுக்கும் ஆச்சிக்கும் அடுப்படியில் பிணக்கு. அம்மா புதுச்சேரியிலிருந்து ஒரு டின் நிறைய வடகம் கொண்டு வந்திருந்தாள். வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு எல்லாம் சேர்த்து விளக்கெண்ணெய் விட்டுப் பிசைந்து வெயிலில் காயவைத்த உருண்டை. அதைத்தான் பிரெஞ்சுக்காரர்கள் 'வதூவான்' என்று கொண்டுபோய் இன்று பெரிய ஓட்டல்களில் மீனுக்கும் கறிக்கும் போடுகிறார்கள். தாளித்ததும் ஆச்சி மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்ன எளவு நாத்தம் இது?" என்றாள். அம்மாவுக்கோ தேங்காய் எண்ணெயில் தாளித்தால் தலைக்கு வைக்கும் எண்ணெய் சோற்றில் விழுந்தது போல இருக்கும்.

சமாதானம் செய்து வைத்தது அவியல்தான். கோட்டாற்றுச் சந்தையிலிருந்து நான் காய் வாங்கி வருவேன். வாழைக்காய், சேனை, வெள்ளரிக்காய், முருங்கைக்காய், புடலங்காய், கத்தரிக்காய். எல்லாம் விரல் நீளத்துக்கு ஒரே அளவாக நறுக்க வேண்டும். வேகும் நேரம் வேறு வேறு என்பதால் போடும் வரிசை முக்கியம். தேங்காய், சீரகம், பச்சை மிளகாய், இரண்டு சின்ன உள்ளி, இவற்றை மையாக அரைக்கக் கூடாது, ஒதுக்கி எடுக்க வேண்டும். புளிப்புக்கு எங்கள் பக்கம் மாங்காய். வடக்கே போகப் போகத் தயிர். கடைசியில் பச்சைத் தேங்காய் எண்ணெய், கறிவேப்பிலை, மூடி. கரண்டி போட்டுக் கிண்டினால் ஆச்சி கையைத் தட்டிவிடுவாள், சட்டியைப் பிடித்துக் குலுக்க வேண்டும். காரட்டும் பீன்ஸும் போடுகிற இந்தக் காலத்து அவியலைப் பார்த்தால் அவள் என்ன சொல்லியிருப்பாளோ. ஆனால் நியாயமாகச் சொன்னால், அவள் போட்ட பச்சை மிளகாயும் போர்த்துக்கீசியர் கப்பலில் வந்து இறங்கியதுதான். அதற்கு முன்னால் காரத்துக்கு நம் மலை மிளகுதான். மிளகு மாதிரி காரமுள்ள காய், ஆகவே மிளகாய்.

மரச்சீனிக் கிழங்கு கதையும் அதுவே. தென் அமெரிக்கப் பயிர். 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதைத் திருவிதாங்கூரில் பரப்பினார். இரண்டாம் உலகப் போரில், 1942-இல், பர்மா ஜப்பானியர் கையில் விழுந்து அரிசி வரத்து நின்றபோது, கல்குளம், விளவங்கோடு ஏழைகளின் உயிரைப் பிடித்து வைத்தது இந்தக் கிழங்குதான். நாஞ்சில் நாட்டு வயல்கார வீடுகளில் அதை ஏழைச் சாப்பாடு என்று கொஞ்சம் இளக்காரமாகப் பார்ப்பார்கள். இன்று அதே கிழங்கும் மீன்கறியும் வாழையிலை விரித்து நல்ல விலைக்கு விற்கிறது, வயல்கார வீட்டுப் பேரன்கள்தான் வரிசையில் நிற்கிறார்கள். மட்டிப்பழத்துக்கும் 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. பிள்ளைகளுக்கு முதல் உணவாக மசித்துக் கொடுத்த பழத்துக்கு இப்போது சான்றிதழ்!

அரசியல் எல்லை களியக்காவிளையில் நிற்கிறது. சட்டியும் கரண்டியும் அதைக் கண்டுகொள்வதில்லை. தெய்வங்களும் அப்படித்தான். ஒவ்வொரு நவராத்திரிக்கும் பத்மநாபபுரம் சரஸ்வதி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை, வேளிமலை குமாரசுவாமி மூவரும் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் போய் வருகிறார்கள், எல்லையில் இரண்டு மாநிலப் போலீசாரும் மரியாதை செய்கிறார்கள். பத்மநாபபுரம் அரண்மனை நிற்கும் மண் தமிழ்நாடு, நிர்வாகம் கேரளத் தொல்லியல் துறை. ஓணத்துக்கு இந்த மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை. அத்தப்பூக் கோலத்துக்குத் தோவாளைச் சந்தைப் பூ போகும்.

குடிவெள்ளம்

1971-இல் சர்வீஸ் கமிஷன் தேர்வு எழுதி ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தேன். அன்றைக்கே பக்கத்து மேசையில் சேர்ந்தவர்தான் இந்தச் சிநேகிதர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். பள்ளியில் தமிழ் படிக்காதவர்கள் தகுதிகாண் காலத்துக்குள் இரண்டாம் நிலை மொழித் தேர்வு எழுதித் தேற வேண்டும் என்பது விதி. 1956 இறுதியிலேயே தமிழை ஆட்சிமொழியாக்கிச் சட்டம் வந்துவிட்டதல்லவா. அலுவலகத்தில் அந்தத் தேர்வு எழுத வேண்டியவர்கள் இரண்டே பேர். பிரெஞ்சு படித்த நான், மலையாளம் படித்த அவர்.

எனக்குப் பேச்சுத் தமிழ் உண்டு, எழுத்தில் ரகரம் றகரம், னகரம் ணகரம் எல்லாம் தகராறு. பிரெஞ்சில் எழுதுவதில் பாதியை உச்சரிக்க மாட்டோம், அந்தப் பழக்கத்தில் தமிழிலும் ஒற்றெழுத்துகளை விட்டுவிடுவேன். அவருக்கு எழுத்தே புதிது. மதிய இடைவேளையில் இருவரும் டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒருவர் சொல்ல ஒருவர் எழுதுவோம். நான் அவருக்கு எழுத்துச் சொல்லித் தந்தேன், அவர் எனக்கு இந்த மண்ணைச் சொல்லித் தந்தார். கிராம அதிகாரியைப் 'பார்வத்தியகாரர்' என்பது, பத்திரத்தை 'ஆதாரம்' என்பது, நன்றாயிருக்கிறது என்பதற்குக் 'கொள்ளாம்' என்பது. பழைய கோப்புகளில் கல்குளம், விளவங்கோடு பகுதிக் காகிதங்கள் மலையாளத்தில் இருக்கும். அவற்றைப் படிக்க ஆள் வேண்டியபோதெல்லாம் மேலதிகாரி அவரைத்தான் கூப்பிடுவார். படித்து முடித்ததும், "இன்னும் தமிழ்ப் பரீட்சை பாஸாகலையே, ஓய்" என்பார்.

நான் இரண்டாம் முறையில் தேறினேன். அவர் இரண்டாம் முறையும் போனார். வாய்மொழித் தேர்வில், உங்கள் ஊர் மக்களின் தேவை என்ன என்று கேட்டிருக்கிறார்கள். "குடிவெள்ளம்" என்றிருக்கிறார். அவர் ஊரில் தண்ணீருக்கு வெள்ளம் என்றுதான் பெயர். "குடிசைக்குள் வெள்ளமா? எந்த ஆற்றில்?" என்று தேர்வாளர் கேட்க, பக்கத்திலிருந்தவர்கள் சிரிக்க, அதற்குப் பிறகு அவருக்கு வாய் வரவில்லை. அன்று மாலை பஸ் நிலையத்தில் டீ குடித்தபடி அதைச் சொல்லி அவரே சிரித்தார். பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "எங்க அப்பா கைய ஒடிச்சது இந்தத் தமிழுக்குத்தான் சாரே." எனக்குப் பதில் வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

இங்கே ஒரு செய்தி சொல்ல வேண்டும். தமிழைப் பிந்திக் கற்றவர்களால் தமிழுக்கு என்ன ஆயிற்று என்று இந்த மாவட்டத்தைப் பார்த்தால் தெரியும். சுந்தர ராமசாமி (1931–2005) கோட்டயத்தில் குழந்தைப் பருவத்தைக் கழித்தவர். பள்ளியில் படித்தது மலையாளமும் ஆங்கிலமும் சமஸ்கிருதமும். தமிழ் எழுதப் படிக்கக் கற்றது பதினெட்டு வயதை ஒட்டித்தான். அவர்தான் 1966-இல் நம் ஊர்ப் புளியமரத்தைத் தமிழ் நாவலுக்குள் கொண்டு வந்தார். தகழியின் 'செம்மீனை'த் தமிழுக்குத் தந்தார். தேங்காப்பட்டணத்துத் தோப்பில் முகமது மீரானும் மலையாள வழியில் படித்தவர். 'சாய்வு நாற்காலி'க்கு 1997-இல் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது தமிழுக்காக. துணிக்கடை நடத்திய சுந்தர ராமசாமியின் வீட்டில் நண்பர்கள் எந்நேரமும் கூடுவார்கள் என்றும், அழகியபாண்டிபுரத்து கிருஷ்ணன் நம்பியும் அவரும் பேசித் தீராதவர்கள் என்றும் ஊரில் எல்லோரும் அறிவார்கள். நான் அந்த வீட்டுப் படி ஏறியவனில்லை, குமாஸ்தாவுக்கு அங்கே என்ன வேலை. ஆனால் எங்கள் டிபன் டப்பா மேசையும் அந்த ஜாதியைச் சேர்ந்ததுதான் என்று ரகசியமாக ஒரு பெருமை எனக்கு உண்டு.

திண்ணை

இனி சொல்லப்போவது பெருமை அல்ல.

பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனவர்கள் ஊட்டுப்புரையைப் பார்த்திருப்பீர்கள். கீழே ஆயிரம் பேர், மேலே ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம். யார் உட்காரலாம் என்பதுதான் கேள்வி. அங்கே பந்தி பிராமணர்களுக்கு. வயலில் அந்த நெல்லை விளைவித்தவர்கள் கோயில் தெருவில் நடக்கவே முடியாது. அப்படி நடக்கும் உரிமைக்காகச் சுசீந்திரத்தில் 1926-இல் சத்தியாக்கிரகம் நடந்தது. டாக்டர் எம்.இ.நாயுடு அதில் முன்னே நின்றார். 1936 நவம்பர் 12-இல்தான் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது. உடையிலும் இதே கதை. தோளில் சீலை போடும் உரிமைக்காகத் தென் திருவிதாங்கூர்ப் பெண்கள் நாற்பது வருடத்துக்கு மேல் அடிபட்டார்கள், சீலை கிழிபட்டார்கள். 1859 ஜூலை 26-இல் மகாராஜா அனுமதி கொடுத்தபோதுகூட, மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்று ஒரு வால் சேர்த்துத்தான் கொடுத்தார். அதற்கும் முன்பே சாமித்தோப்பில் வைகுண்டர் (1809–1851), தலை குனிந்து நின்றவர்களைத் தலைப்பாகை கட்டி நிற்கச் சொன்னார், எல்லோரும் ஒரே கிணற்றில் நீர் எடுக்க முத்திரிக் கிணறு வெட்டினார். நாகரிகம், பாணி, ரசனை என்று இன்று பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். நம் மாவட்டத்தில் ஒரு துண்டுத் துணியும் ஒரு வாளித் தண்ணீரும் ரசனை விஷயமாக இருந்ததில்லை.

இவையெல்லாம் புத்தகத்தில் உள்ள சரித்திரம் என்று நான் எண்ணியிருந்தேன். 1972-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை அது எங்கள் வீட்டுக்கே வந்தது. சிநேகிதரை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தேன். அவர் உள்ளே கால் வைக்கும் முன், ஆச்சி திண்ணையில் இலையைப் போட்டுவிட்டாள். எனக்கு உள்ளே மணைப்பலகை. ஆச்சி கெட்டவள் அல்ல. அவருக்கு என்னைவிட அதிகமாகவே நெய் விட்டாள், அவியல் இரண்டு முறை பரிமாறினாள். அவள் அறிந்த உபசாரம் அவ்வளவுதான். கெட்டவன் நான்தான். பிரெஞ்சுப் பள்ளியில் சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று மூன்று சொல்லையும் பிழையில்லாமல் சொல்வதை எழுதி மதிப்பெண் வாங்கியவன், உள்ளே போய்ப் பலகையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அவர் இலையை மடித்து எடுத்துக்கொண்டுபோய்த் தாமே போட்டார். கை கழுவிவிட்டு, "கொள்ளாம் ஆச்சி, நல்ல அவியல்" என்றார்.

அடுத்த மாதம் என்னை அவர் ஊருக்கு அழைத்துப் போனார். ஓலை மேய்ந்த வீடு. கை நீட்ட முடியாத அவர் அப்பா, நல்ல கையால் எனக்குக் கிழங்கும் சாளைக்கறியும் எடுத்து வைத்து, என் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். என் வீட்டில் நடந்தது அவருக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியவில்லை. நிமிர்ந்து பார்க்க முடியாமல் சாப்பிட்டேன்.

1974-இல் மூன்றாம் முறையில் அவர் தேறினார். முடிவு கைக்கு வந்த நாள் நவம்பர் ஒன்று. இரண்டு பேரும் அலுவலகத்திலிருந்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்தோம். அவர் வழக்கம்போலத் திண்ணையில் உட்காரப் போனார். நான் வாயைத் திறக்கும் முன் அம்மா வாசலுக்கு வந்தாள். "தம்பி, இலை உள்ளே போட்டிருக்கு, வாங்க" என்றாள். அந்த வீட்டில் அவளும் வடகம் நாறியவள்தான், ஆறு வருடம் வெளியாள்தான். அதனால்தானோ என்னவோ அவளுக்கு அது முடிந்தது. ஆச்சி ஒன்றும் பேசாமல் எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டாள். அன்று வீட்டில் அவியல், மாங்காய் போட்டது. சாப்பாடு முடிகிற நேரத்தில் பின்கட்டிலிருந்து ஆச்சியின் குரல் மட்டும் வந்தது: "பாயசம் உறியில இருக்கு. அந்தப் பிள்ளைக்கும் விடு."

எங்கள் நவம்பர் ஒன்று அவியல் அன்றைக்குத் தொடங்கியது. அரசாங்கங்கள் கைமாறிய தேதிகளை நாங்கள் இருவரும் பிற்பாடுதான் அதில் சேர்த்துக்கொண்டோம்.

வலிய கப்பித்தான்

ஓய்வு பெறும் முன் இருவரும் ஒருமுறை புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குப் போனோம். 1741-இல் குளச்சல் போரில் மார்த்தாண்டவர்மாவிடம் தோற்றுப் பிடிபட்ட டிலனாய், பிறகு அதே மகாராஜாவின் படையைப் பயிற்றுவித்து 'வலிய கப்பித்தான்' ஆனவர். டச்சுக்காரர் என்கிறோம், பிறந்தது இன்று பிரான்சில் உள்ள அராஸ் நகரில். 1777-இல் இறந்தார். கோட்டைக்குள் இருக்கும் கல்லறையில் லத்தீனிலும் தமிழிலும் எழுத்து. லத்தீனைப் பிரெஞ்சின் உதவியால் நான் தட்டித் தடவிப் படித்தேன், தமிழை அவர் படித்தார். மூன்று முறை பரீட்சை எழுதிப் பெற்ற தமிழ்! அரண்மனை உத்தியோகஸ்தராயிருந்த நட்டாலம் நீலகண்டர் துயரத்தில் இருந்தபோது டிலனாய்தான் உடனிருந்து பேசினார், அதன் பிறகே அவர் 1745-இல் தேவசகாயம் ஆனார். 1752-இல் ஆரல்வாய்மொழிக் காட்டாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022-இல் ரோமாபுரியில் புனிதர் பட்டம் கிடைத்தது. மதம் ஒருபுறம் இருக்கட்டும். எங்கோ பிறந்த ஒரு சிறைக்கைதியும் உள்ளூர் உத்தியோகஸ்தரும் ஒருவருக்கொருவர் மனதைத் திறந்து பேச ஒரு பாஷை அகப்பட்டிருக்கிறது. அது யாருடைய பாஷையாக இருந்தால் என்ன.

இப்போது

நானும் அவரும் ஓய்வு பெற்றுப் பல வருடமாயிற்று. மனைவி போனபின் அவர் மகளோடு திருவனந்தபுரத்தில் இருக்கிறார். பேரப்பிள்ளைகள் மலையாளம் பேசுகிறார்கள். "எங்க அப்பா அங்கேருந்து இங்க கொண்டு வந்தாரு, நான் திரும்ப அங்கேயே வந்துட்டேன்" என்று சிரிப்பார். அவர் ஊர் வயலில் இப்போது ரப்பர். நெய்யாறு இடதுகரைக் கால்வாய்த் தண்ணீரும் 2004-இலிருந்து வரவில்லை. குடிவெள்ளம் என்ற அவரது பதில் சரியான பதில்தான் என்று காலம் நிரூபித்துவிட்டது.

2020-இல் கொரோனா வந்து களியக்காவிளையில் தடுப்பு போட்டார்கள். இ-பாஸ் இல்லாமல் இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. அறுபத்து நான்கு வருடத்தில் அந்த எல்லை எங்களுக்கு எல்லையாகத் தெரிந்தது அப்போதுதான். அந்த வருட நவம்பரில் என் மருமகள் அவியல் வைத்து, கைப்பேசியில் அவருக்குக் காட்டினாள். அவர் உற்றுப் பார்த்துவிட்டு, "காரட்டு கிடக்குதே" என்றார். எனக்கு ஆச்சியே பேசியது போல இருந்தது.

கல்யாண வீடுகளில் இப்போது நின்றுகொண்டு தட்டில் சாப்பிடுகிறார்கள். பந்தி போய்விட்டதே என்று என் வயதுக்காரர்கள் அங்கலாய்க்கிறார்கள். எனக்கும் வாழையிலையும் அடைப்பிரதமனும் பிடிக்கும், முழங்கால் வலியோடு தட்டை ஏந்தி நிற்பது எனக்கும் கஷ்டம்தான். ஆனால் தட்டேந்தி நிற்கும் அந்த வரிசையில் யாருக்கு முன்னால் யார் என்று எவரும் கேட்பதில்லை. அதைப் பார்க்கும்போது திண்ணையில் மடிந்த அந்த இலை நினைவுக்கு வரும், அங்கலாய்ப்பு அடங்கிவிடும்.

திண்ணையைப் பற்றி நாங்கள் இருவரும் ஒருநாளும் பேசியதில்லை. போன நவம்பர் ஒன்றில், கணக்கு சரி என்று அவர் சொன்ன பிறகு, நான் மெதுவாக ஆரம்பித்தேன். "அண்ணே, அந்தக் காலத்துல நம்ம வீட்டுத் திண்ணையில..." என்றேன்.

சற்று நேரம் மறுமுனையில் சத்தமில்லை.

"நல்ல காத்து வரும் சாரே அந்தத் திண்ணையில" என்றார். பிறகு, "டாக்டர்ட்ட போனீரா, சுகர் எவ்வளவு?" என்று கேட்டார்.